சரீரம் உயிர்த்தெழுதல்: ஒரு தொடக்க விளக்கம்

இறந்த பிறகு என்ன ஆகும் என்று ஒரு கிறிஸ்தவரிடம் கேட்டால், “ஆத்துமா பரலோகம் போகும்” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தப்பான பதில் இல்லை. ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிடும் பதில். ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் “சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்” என்று முடியும். கத்தோலிக்கக் கோவில்களில் “உடலின் உயிர்ப்பை நம்புகின்றேன். நிலைவாழ்வை நம்புகின்றேன்” என்று முடியும். செத்தவருடைய ஆத்துமா எங்கே போகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. உடல் எழும் என்பதைத்தான் அந்தப் பிரமாணம் அறிக்கையிடுகிறது.

இதைத் தவறவிட்டால் ஈஸ்டர் எதற்கு என்பதும் புரியாது, அடக்க ஆராதனையில் வாசிக்கும் வசனங்கள் எதைச் சொல்கின்றன என்பதும் புரியாது. அதனால் இதை முதலிலிருந்தே வரிசையாகப் பார்ப்பது நல்லது.

இரண்டு கட்டங்கள்

மரணத்துக்குப் பின் உள்ளதாகக் கிறிஸ்தவம் சொல்வதை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கட்டம், ஒருவர் இறந்ததிலிருந்து கடைசி நாள் வரைக்கும் உள்ள காலம். உடல் மண்ணிலோ கடலிலோ எங்கோ இருக்கிறது. ஆள் கிறிஸ்துவின் பாதுகாப்பில் இருக்கிறார். இது காத்திருக்கும் காலம். இரண்டாம் கட்டம், கிறிஸ்து திரும்ப வரும் நாளில் தொடங்குகிறது. இறந்தவர்கள் உடலோடு எழுகிறார்கள், நியாயத்தீர்ப்பு நடக்கிறது, படைப்பு முழுவதும் புதிதாகிறது. அந்தப் புதிய உலகில், சாவு தொட முடியாத உடலோடு, தேவனுடைய முகத்துக்கு முன்பாக வாழ்வதுதான் முடிவான நம்பிக்கை.

நம் ஊர்த் துக்க வீடுகளில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் முதல் கட்டம். புதிய ஏற்பாடு அதிகமாகப் பேசுவதோ இரண்டாம் கட்டத்தை. முதல் கட்டத்துக்கு அங்கே கிடைப்பது சில வசனங்கள்தான். இரண்டாவதுக்கு அதிகாரம் அதிகாரமாக இருக்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் இரண்டு சபை வழக்குகள் இருப்பதால் புதிதாகப் படிப்பவர் இவை வெவ்வேறு உபதேசங்கள் என்று நினைத்துவிடக்கூடும். சீர்திருத்த சபையார் உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன், பரலோகம், நியாயத்தீர்ப்பு என்பார்கள். கத்தோலிக்கர் உயிர்ப்பு, நிலைவாழ்வு, விண்ணகம், பொதுத்தீர்வை என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

எவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது

மூன்று விஷயங்களோடு இது அடிக்கடி கலந்துபோகிறது.

முதலாவது மறுபிறப்பு. அதில் உயிர் ஒன்று, உடல்கள் பல. கிறிஸ்தவத்தில் ஓர் ஆளுக்கு ஒரே வாழ்க்கை, ஒரே மரணம், அதன் பின் நியாயத்தீர்ப்பு. எபிரெயர் 9:27 இதை நேராகச் சொல்கிறது. எழும் உடலும் இன்னொருவராகப் பிறப்பதற்கான உடல் கிடையாது. இங்கே வாழ்ந்த அதே ஆள்தான் எழுகிறார், தன் பெயரோடும் தன் வாழ்க்கையோடும்.

இரண்டாவது, உடலிலிருந்து ஆன்மா விடுபடுவதே முக்தி என்ற கருத்து. இந்தியச் சிந்தனையில் இதற்குப் பல வடிவங்கள் உண்டு. கிரேக்கர்களிடமும் பிளேட்டோவின் மரபில் இருந்தது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் படைப்பைப் பார்த்து “மிகவும் நன்றாயிருந்தது” என்று முடிகிறது. நல்லது என்று தேவனே சொன்ன ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவது எப்படி மீட்பாகும்? பவுல் அத்தேனேயில் பேசியபோது, மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற இடம் வந்ததும் சிலர் கேலி செய்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:32 சொல்கிறது. ஆத்துமா அழியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் அங்கே சிரிப்பு எழுந்திருக்காது. உடல் எழும் என்றதுதான் அவர்களுக்கு ஒவ்வவில்லை.

மூன்றாவது, செத்தவர் பிழைத்துக்கொள்வது. இதில் விசுவாசிகளே தடுமாறுவார்கள். யவீருவின் மகள், நாயீன் ஊர் விதவையின் மகன், பெத்தானியா லாசரு ஆகிய மூன்று பேரை இயேசு எழுப்பினார். மூவரும் பழைய உடலோடு பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். பிற்பாடு மறுபடியும் இறந்தார்கள். யோவான் நற்செய்தியில் இரண்டு கல்லறைகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். 11:44-இல் லாசரு வெளியே வரும்போது கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருக்கின்றன, முகத்தில் துணி சுற்றியிருக்கிறது. வேறு யாராவது கட்டவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. 20:6-7-இல் இயேசுவின் கல்லறைக்குள் சீலைகள் கிடக்கின்றன, தலையில் சுற்றியிருந்த துணி தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆள் அங்கே இல்லை. லாசருவுக்கு அந்தத் துணி இன்னொரு முறை தேவைப்படும். இயேசுவுக்கு இனி ஒருபோதும் தேவைப்படாது. உயிர்த்தெழுதல் என்று கிறிஸ்தவம் சொல்வது இந்த இரண்டாவதை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

யூதர்களிடமிருந்து. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் இறந்தவர்கள் பாதாளத்துக்கு இறங்குகிறார்கள், அவ்வளவுதான். ஏசாயா 26:19, எசேக்கியேல் 37-இன் உலர்ந்த எலும்புகள், முடிவில் தானியேல் 12:2 என்று படிப்படியாக இது வெளிச்சத்துக்கு வருகிறது. எசேக்கியேல் பார்த்த காட்சி முதலில் பாபிலோனில் சிறைப்பட்ட ஜனம் தாய்நாடு திரும்புவதைப் பற்றியது; தானியேல் 12:2-தான் தனி மனிதர்கள் மண்ணிலிருந்து விழித்தெழுவதைத் தெளிவாகச் சொல்லும் இடம்.

உடல் திரும்பக் கிடைக்கும் என்பதை உறைக்கும்படி சொல்வது 2 மக்கபேயர் 7-ஆம் அதிகாரம். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் இது உண்டு. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கு மன்னனின் கொடுமைக்கு உள்ளான ஏழு சகோதரர்களின் வரலாறு அது. மூன்றாமவன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான். இவற்றைத் தந்தது விண்ணகம், இவற்றைத் திரும்பவும் அங்கிருந்தே பெறுவேன் என்கிறான். துண்டிக்கப்படப் போகிற கையைக் காட்டி, இதே கை எனக்குத் திரும்பும் என்று சொல்வதற்கு உடலைப் பற்றி எவ்வளவு உறுதி வேண்டும்!

இயேசுவின் காலத்தில் இது யூதர்களுக்குள் தீராத விவாதம். பரிசேயர் உயிர்த்தெழுதல் உண்டு என்றார்கள், சதுசேயர் இல்லை என்றார்கள். ஒரு பெண்ணை ஏழு சகோதரர் ஒருவர்பின் ஒருவராக மணந்தால் உயிர்த்தெழுதலில் அவள் யாருக்கு மனைவி என்று சதுசேயர் இயேசுவை மடக்கப் பார்த்தது இந்தச் சண்டையில்தான். மாற்கு 12-இல் அவர் பதில் இருக்கிறது: ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று மோசேயிடம் சொன்னவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார். சதுசேயர் ஏற்றுக்கொண்ட மோசேயின் புத்தகத்திலிருந்தே எடுத்துக் காட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, கடைசி நாளில் எல்லோரும் எழுவார்கள் என்பது பக்தியுள்ள யூதருக்குத் தெரிந்த விஷயம். லாசருவின் சகோதரி மார்த்தாள்கூட யோவான் 11:24-இல் அதைத்தான் சொல்கிறாள். கிறிஸ்தவம் புதிதாகச் சொன்னது, அந்தக் கடைசி நாளுக்குரியது ஒரே ஓர் ஆளிடத்தில் முன்கூட்டியே நடந்துவிட்டது என்பதை.

மாதிரி எது?

எழும் உடல் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஒரே மாதிரி, உயிர்த்தெழுந்த இயேசு. “நம்முடைய அற்பமான சரீரத்தைத் தம்முடைய மகிமையான சரீரத்துக்கு ஒப்பாக” மறுரூபப்படுத்துவார் என்று பிலிப்பியர் 3:21 சொல்கிறது. ஆகவே லூக்கா 24-ஐயும் யோவான் 20, 21-ஐயும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும்.

ஒரு பக்கம், அது மெய்யான உடல். “என்னைத் தொட்டுப்பாருங்கள்” என்கிறார். தமக்கு மாம்சமும் எலும்பும் இருப்பதுபோல ஓர் ஆவிக்கு இராதே என்கிறார். சீஷர்கள் கொடுத்த பொரித்த மீனை அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு அவர்களுக்குக் காலை ஆகாரம் ஆயத்தமாக்கி வைத்திருக்கிறார். கையிலும் விலாவிலும் காயங்கள் அப்படியே இருக்கின்றன. தோமாவை அழைத்துக் காட்டியது அவற்றைத்தான். அந்தத் தோமாதான் பிறகு இந்தியாவுக்கு வந்தார் என்பது தென்னிந்தியக் கிறிஸ்தவர்களின் பழம்பெரும் மரபு. சென்னையில் பரங்கிமலையும் சாந்தோமும் அவர் நினைவைச் சுமக்கின்றன.

மறுபக்கம், பழைய உடலின் கட்டுகள் அதற்கு இல்லை. கதவுகள் பூட்டியிருக்க நடுவே வந்து நிற்கிறார். எம்மாவு ஊரில் அப்பத்தைப் பிட்டதும் உடனிருந்த சீஷர் இருவரின் கண்ணுக்கு மறைந்துபோகிறார். மகதலேனா மரியாளே முதலில் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள்; பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறது. ரோமர் 6:9-இன்படி அவர் இனி மரிப்பதில்லை.

இவற்றில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறு நேர்கிறது. முதல் பக்கம் மட்டும் என்றால் உயிர்த்தெழுதல் வெறும் பிழைப்பாகச் சுருங்கிவிடும். இரண்டாவது மட்டும் என்றால் ஆவி தோற்றமாகிவிடும். நற்செய்தியாளர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று விளக்க முயலவில்லை.

1 கொரிந்தியர் 15: இதை மட்டும் படித்தாலும் போதும்

இந்த விஷயத்தில் ஒரே ஓர் அதிகாரம் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். 58 வசனங்கள், நிதானமாக வாசித்தால் பத்து நிமிடம். பவுல் எபேசுவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 55 வாக்கில் எழுதினார். கொரிந்து சபையில் சிலர், கிறிஸ்து எழுந்தார் என்பதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் மற்றவர்கள் உடலோடு எழுவார்கள் என்பதை மறுத்தார்கள். முழு அதிகாரமும் அவர்களுக்கான பதில்.

1 முதல் 11 வரை, தான் பெற்றுக்கொண்டு ஒப்புவித்த செய்தியை நினைவுபடுத்துகிறார்: கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், காணப்பட்டார். கண்டவர்களைப் பட்டியல் போடுகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேளுங்கள் என்பது அதன் தொனி.

12 முதல் 19 வரை நேர் எதிர்த்திசையில் வாதிடுகிறார். மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை. “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா.” இவ்வளவு துணிச்சலாகத் தன் முழு ஊழியத்தையும் ஒரே நிகழ்வின்மேல் பந்தயம் வைத்தவர் வேறு யார்!

20 முதல் 28 வரையில் மையமான சொல் “முதற்பலன்.” லேவியராகமம் 23-இன்படி அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். முதற்கட்டு வந்துவிட்டால் மிச்ச வயலும் அறுப்புக்கு வரப்போகிறது என்று அர்த்தம். கிறிஸ்து எழுந்தது தனி அற்புதம் ஆகாது. அதே அறுப்பின் தொடக்கம். முதலில் கிறிஸ்து, பிறகு அவர் வரும்போது அவருடையவர்கள், கடைசிச் சத்துருவான மரணம் ஒழிக்கப்படும் என்று வரிசையும் தருகிறார்.

29 முதல் 34 வரை தடுமாற வைக்கும் பகுதி. மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவது என்று 29-ஆம் வசனம் சொல்வது என்ன என்பதில் வியாக்கியானக்காரர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கத்தில் படிப்பவர் அங்கே நின்று மல்லாட வேண்டாம், தாண்டிப் போகலாம்.

35 முதல் 49 வரைதான் நெஞ்சம். மரித்தோர் எந்தச் சரீரத்தோடே வருவார்கள் என்ற கேள்விக்குப் பவுல் வயலைக் காட்டுகிறார். விதைப்பது வெறும் விதை. முளைத்து வருவது வேறு மேனி. நெல்லை விதைத்தவன் நெற்பயிரைத்தான் பார்க்கிறான், கம்பங்கதிரை அல்ல. அதே சமயம் விதையையும் பயிரையும் பக்கத்தில் வைத்தால் உருவத்தில் ஒற்றுமை தெரியாது. தொடர்ச்சியும் உண்டு, மாற்றமும் உண்டு. பிறகு நான்கு ஜோடிகள்: அழிவுள்ளது அழிவில்லாததாக, கனவீனம் மகிமையாக, பலவீனம் பலமாக, ஜென்மசரீரம் (பிறப்பில் கிடைத்த இயல்பான உடல்) ஆவிக்குரிய சரீரமாக.

இந்த நான்காவது ஜோடியில்தான் வாசகர்கள் வழுக்குகிறார்கள். ஆவிக்குரிய சரீரம் என்றதும் ஆவியாலான, புகைபோன்ற உடல் என்று எண்ணிவிடுகிறார்கள். பவுல் அதே கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தில் ஜென்மசுபாவமான மனுஷன், ஆவிக்குரியவன் என்று உயிரோடிருக்கும் இரண்டு வகை மனிதர்களைச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் சதையும் எலும்பும் உண்டு. ஒருவனை நடத்துவது எது என்பதுதான் வித்தியாசம். இங்கேயும் அப்படியே: பரிசுத்த ஆவியானவரால் முழுவதும் உயிரூட்டப்பட்டு நடத்தப்படும் உடல் என்று பொருள். “அழிவுள்ளதாகிய இது அழியாமையையும் தரித்துக்கொள்ளவேண்டும்” என்று 53-ஆம் வசனத்தில் சொல்லும்போதும் இந்த உடலைத்தான் சுட்டுகிறார். இதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைத் தருவதாகச் சொல்லவில்லை.

50 முதல் 58 வரை கடைசி எக்காளம். அன்றைக்கு உயிரோடிருப்பவர்கள் சாகாமலே மறுரூபமாவார்கள். “மரணமே! உன் கூர் எங்கே?” என்ற வரி இங்கே வருகிறது. அடக்க ஆராதனைகளில் இதை ஏற்கெனவே நடந்துமுடிந்த வெற்றிபோல வாசித்துவிடுகிறோம். பவுலோ இந்த வசனம் எழும் நாளில் நிறைவேறும் என்கிறார். அதுவரை மரணம் சத்துருதான். துக்க வீட்டில் “அழாதீங்க, அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கார்” என்று வாயை அடைப்பது வேதத்தின் வழக்கம் கிடையாது. லாசருவை எழுப்பப் போவது தெரிந்தே இயேசு அவன் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். 1 தெசலோனிக்கேயர் 4:13-உம் நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்கிறதே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

எரிந்த உடல், கடலில் போன உடல்

உடல் எழும் என்றதும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. இன்றைக்கு நேற்று வந்த கேள்வியும் இல்லை. கி.பி. 177-இல், இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்துச் சாம்பலை ரோன் நதியில் தள்ளினார்கள். உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கைகூட இவர்களுக்கு மிஞ்சக் கூடாது என்பதே நோக்கம் என்று, சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்த கடிதம் சொல்கிறது. அந்தக் கொடுமையில் ஆயர் பொத்தினுஸும் இறந்தார். அவருக்குப் பின் அதே நகரின் ஆயரானவர் இரேனியுஸ். சில ஆண்டுகள் கழித்து, உடல் மீட்படையாது என்று போதித்த ஞானவாதக் குழுக்களுக்கு எதிராக அவர் ஐந்து புத்தகங்கள் எழுதினார். ஐந்தாவதில் மாம்சத்தின் உயிர்த்தெழுதலுக்காக வாதாடுகிறார். ஒன்றுமில்லாமையிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்கு, இருந்து கலைந்துபோனவனை மறுபடி உண்டாக்குவது கடினமா என்பது அவருடைய அடிப்படைக் கேள்வி.

5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் 22-ஆம் புத்தகத்தில், அந்தக் காலத்தவர் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பேசுகிறார். கருவிலேயே இறந்த சிசு? வெட்டிப்போட்ட முடியும் நகமும்? ஒரு மனிதனை இன்னொருவன் தின்றிருந்தால் அந்தச் சதை யாருக்கு? சிசு, தான் வளர்ந்து அடைந்திருக்கக்கூடிய நிறைவோடு எழும் என்று கருதுகிறார். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட இரத்தசாட்சிகளின் தழும்புகள் ஒருவேளை இருக்கும், ஆனால் ஊனமாக இராது, அழகாக இருக்கும் என்கிறார். இயேசுவின் கைக்காயங்களை நினைத்தால் இது மனதுக்கு மிகவும் நெருக்கமான பதில். இவற்றை அவர் உபதேசமாக அறிவிக்கவில்லை, தம் கருத்தாகவே வைக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுந்த உடலின் பண்புகளைத் துன்பமின்மை, நுண்மை, விரைவு, ஒளி என்று நான்காக வகுத்தார். கத்தோலிக்க மறைக்கல்வியில் இந்த வகைப்பாடு நெடுங்காலம் நிலைத்தது.

நம் கடற்கரைக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2004 சுனாமியில் குளச்சல், வேளாங்கண்ணி போன்ற இடங்களில் பெயர் தெரியாமலே பலரை ஒரே குழியில் அடக்கம் செய்ய வேண்டிவந்தது. 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களில் பலரின் உடல் கரைக்கு வரவே இல்லை. உடல் இல்லாத வீட்டில் திருப்பலியும் ஜெபமும் நடத்தும்போது சபை நம்பி நிற்பது எதன்மேல்? “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது” என்று வெளிப்படுத்தின விசேஷம் 20:13 சொல்கிறது. எழுப்புதல் மிச்சமிருக்கும் எலும்பைப் பொறுத்தது கிடையாது. அந்த ஆளைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் தேவனைப் பொறுத்தது. அடக்கம் செய்யக் கிடைக்காதவர் எழுப்பப்படுவதில் பின்தங்கிவிடுவார் என்று எந்தச் சபையும் போதிக்கவில்லை.

அப்படியானால் தகனம் செய்யலாமா? கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் தடை விதித்தது; உயிர்த்தெழுதலை மறுப்பதன் அடையாளமாகச் சிலர் அப்போது தகனத்தை முன்னெடுத்தது அதற்குக் காரணம். 1963-இல் தடை நீங்கியது. இப்போதும் அடக்கத்தையே விரும்புகிறது. விசுவாசத்தை மறுக்கும் எண்ணத்தோடு செய்தால் ஒழிய, தகனத்தைத் தடுப்பதில்லை. 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவக் கூடாது. கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில், இறந்தவருக்கு முக்கியமாயிருந்த ஓர் இடத்தில் சாம்பலின் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பத்தார் கேட்டால் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்ற விளக்கம் வந்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாகத் தகனத்தை ஏற்பதில்லை. சீர்திருத்த சபைகளில் பெரும்பாலானவை குடும்பத்தின் முடிவுக்கே விடுகின்றன. சென்னை போன்ற நகரங்களில் கல்லறைத் தோட்டங்களில் இடம் கிடைப்பதே பாடாக இருப்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. உறுப்பு தானத்துக்கும் இதே நியாயம்தான். கண்ணைக் கொடுத்தவர் கண்ணில்லாமல் எழுவார் என்ற பயத்துக்கு இடமே இல்லை.

இடைக்காலம்: சபைகள் பிரியும் இடம்

இரண்டாம் கட்டத்தைப் பற்றிப் பெருஞ்சபைகளுக்குள் பெரிய வேற்றுமை கிடையாது. பிரிவதெல்லாம் முதல் கட்டத்தில்.

“இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று சிலுவையில் கள்ளனுக்குச் சொன்ன வாக்கும், தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பது மேல் என்று பவுல் பிலிப்பியர் 1:23-இல் எழுதியதும் அடிப்படை. மரித்த விசுவாசி உடனே கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது இவற்றிலிருந்து பெரும்பாலோர் எடுக்கும் முடிவு. ஆனாலும் வெளிப்படுத்தின விசேஷம் 6-இல் பலிபீடத்தின் கீழிருக்கும் இரத்தசாட்சிகள் “எதுவரைக்கும்” என்று கேட்கிறார்கள். பரலோகத்திலும் காத்திருப்பு உண்டு.

1331-இல் போப் 22-ஆம் ஜான், கடைசி நியாயத்தீர்ப்புக்கு முன் பரிசுத்தவான்களின் ஆத்துமாக்களும் தேவனை முகமுகமாய்க் காண்பதில்லை என்று, அப்போது போப்புகள் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில் பிரசங்கித்தார். இறையியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்; 1334-இல் இறக்குமுன் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த 12-ஆம் பெனெடிக்ட் 1336-இல், தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே தேவனைக் காண்கின்றன என்று வரையறுத்தார். கத்தோலிக்க போதனையில் இதோடு, பரலோகம் சேருமுன் ஆத்துமாக்கள் தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலமும் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறையைச் சுத்தம் செய்து, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஆத்துமாக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது இதன் தொடர்ச்சி. ஆர்த்தடாக்ஸ் சபையாரும் மரித்தோருக்காக ஜெபிப்பார்கள், ஆனால் உத்தரிக்கிற ஸ்தல உபதேசத்தை ஏற்பதில்லை. சீர்திருத்த சபைகள் அதை மறுக்கின்றன. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார், இறந்தவர்கள் எழும் நாள் வரை எந்த உணர்வும் இல்லாமல் இருக்கிறார்கள் என்று போதிக்கிறார்கள். அவர்களுக்கும் முடிவு உயிர்த்தெழுதலே.

எல்லோருமா எழுவார்கள்?

ஆம். நன்மை செய்தவர்கள் ஜீவனை அடையவும் தீமை செய்தவர்கள் ஆக்கினையை அடையவும் எழுவார்கள் என்று யோவான் 5:28-29 சொல்கிறது. மத்தேயு 25-இல் ராஜா கேட்பது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, வஸ்திரமில்லாதவனுக்கு உடுத்தினாயா, வியாதியஸ்தனைப் போய்ப் பார்த்தாயா என்பதை. உடலுக்குச் செய்ததும் செய்யாததும்தான் அங்கே கணக்கு. உடல் எழும் என்று நம்பும் மார்க்கத்தில் இது தற்செயலாக இருக்க முடியாது. ஆலயத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி கட்டியதும் இந்த நம்பிக்கையோடு சேர்ந்ததுதான்.

வரப்போகும் வாழ்வு எங்கே?

வெளிப்படுத்தின விசேஷம் 21-இல் திசையைக் கவனியுங்கள். மனிதர்கள் மேலே போவதாக அங்கே இல்லை. புதிய எருசலேம் இறங்கி வருகிறது. “இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது” என்ற சத்தம் கேட்கிறது. கண்ணீர் துடைக்கப்படுகிறது, மரணம் இல்லை. 22-இல் நதி ஓடுகிறது, மரம் கனி தருகிறது, அதன் இலைகள் ஜாதிகளை ஆரோக்கியப்படுத்துகின்றன. உடலுள்ள மனிதர் வாழும் இடம் இது. ரோமர் 8:23 “சரீர மீட்பு” என்று சொல்வதற்கு இரண்டு வசனம் முன்னால், சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்கிறது. உடலும் பூமியும் சேர்ந்தே மீட்கப்படுகின்றன.

இங்கே வழக்கமாக நேரும் பிசகுகள் சில உண்டு. இறந்தவர்கள் தேவதூதர்களாகிவிடுவார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்வோம். “தேவதூதரைப்போல்” என்று இயேசு சொன்னது திருமணம் இராது என்ற ஒரே பொருளில். மனிதர் மனிதராகவே எழுகிறார்கள். “அநேக வாசஸ்தலங்கள் உண்டு” என்ற யோவான் 14:2-ஐ வாசித்துவிட்டு நிறுத்திவிடுவோம். அடுத்த வசனம் “மறுபடியும் வந்து” என்று தொடர்கிறது. பூமி எரிந்துபோகும் என்று 2 பேதுரு 3:10 சொல்வதால் மண்ணையும் நீரையும் காப்பது வீண் என்பாரும் உண்டு. அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனம் ஜலப்பிரளயத்தில் உலகம் அழிந்தது என்கிறது. அந்த அழிவுக்குப் பின்னும் நோவா இறங்கி நடந்தது இதே பூமியில்தான்.

நாள் குறிப்பது இன்னொரு பெரும் பிசகு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து மனமுடைந்தார்கள். அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்று மத்தேயு 24:36 சொல்லியிருக்க, தேதியோடு வரும் எந்தப் பிரசங்கத்தையும் அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

படிக்கும் வரிசை

முதலில் 1 கொரிந்தியர் 15-ஐ முழுவதும் ஒரே மூச்சில். பிறகு லூக்கா 24, யோவான் 20, 21. அதன்பின் ரோமர் 8:18-25, 2 கொரிந்தியர் 5:1-10. பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் 37:1-14, தானியேல் 12:1-3. கையில் இருந்தால் 2 மக்கபேயர் 7. கடைசியாக வெளிப்படுத்தின விசேஷம் 21, 22. அதற்கு முந்தைய 20-ஆம் அதிகாரத்து ஆயிர வருஷ அரசாட்சியை ஆரம்பத்திலேயே தொட வேண்டாம். அதை எழுத்தின்படி எடுப்பதா, உருவகமாக எடுப்பதா என்பதில் அகுஸ்தீன் காலத்துக்கு முன்பிருந்தே கருத்து வேறுபாடு உண்டு; எந்தப் பக்கம் நின்றாலும் சரீர உயிர்த்தெழுதலைப் பற்றிய அடிப்படை மாறுவதில்லை.